ஆறு வீட்டுக்கு ரெண்டு ஜிபி

வாங்கம்மா, செருப்ப அங்கன ஓரமா விட்டுட்டு வாங்க. சாவி என்கிட்டதான் இருக்கு. வீட்டுக்காரர் மெட்ராஸ்ல இருக்காவ, வருசத்துக்கு ஒருக்க வந்து செவத்தத் தட்டிப் பாத்துட்டுப் போவாவ. மத்தபடி இந்த வளவுல ஆறு வீட்டுக்கும் எல்லாம் நாந்தான். என் பேரு காந்திமதி. பாளையங்கோட்டையில இந்தத் தெருவுல ஆருகிட்ட கேட்டாலும் என்னையத் தெரியும். என்ன சொல்லுவாவன்னு மட்டும் கேக்காதீங்க.

இதான் வீடு. முன்னால ஒரு ரூமு, பொறத்தால அடுக்களை. மேல கருப்பாத் தெரியுதே, அது ஒழுகுத எடம் இல்ல, முன்ன ஒழுகின எடம். பாத்ரூம் ரெண்டு வீட்டுக்கு ஒண்ணு. மூஞ்சியச் சுளிக்காதீங்க, கழுவி விடுததுக்கு முறை வச்சிருக்கோம். இங்க எல்லாத்துக்கும் முறை உண்டு. கார்ப்பரேஷன் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், வீட்டுக்கு எட்டுக் கொடம், மேல ஒரு சொட்டுப் புடிக்க விடமாட்டேன். பதினெட்டு வருசமா பைப்படியில நாந்தான் நிக்கேன். ஒரு சண்டை வந்ததில்ல. வந்தாலும் நான் தீத்து வச்சிருவேன். ‘சண்டையத் தொடங்குததும் நீங்கதானக்கா’ன்னு டைலர் மரகதம் சொல்லுவா. அவ சொல்லிட்டா ஆயிட்டா?

ஏழு மாசமா ஏன் பூட்டிக் கெடக்குன்னு கேக்கியளா? கேக்காம எப்படி இருப்பிய. தெருமுனை டீக்கடையில கேட்டா, காந்திமதி வெரட்டிட்டாம்பானுவ. நான் ஆரையும் வெரட்டல. ஒரு மோடத்தால வந்த வெனை அது. மோடம் தெரியும்லா, லேப்டாப்புல சொருகினா நெட்டு வருமே, வெரல் தண்டிக்கு ஒண்ணு. அந்த வெரல் தண்டி சாமானுக்கு ரெண்டாயிரத்து நானூறு ரூவா. உக்காருங்க, நின்னுக்கிட்டே கேக்குத கதை இல்ல இது.

இந்த வீட்டுல பிரமுன்னு ஒரு பிள்ள இருந்தா. பிரமநாயகி. இருவத்தஞ்சு இருவத்தாறு வயசு இருக்கும். புருசன் நயினாரு மஸ்கட்ல ஏசி மெக்கானிக்கு. மூணு வயசுல ஒரு பொம்பளப் பிள்ள, கோமு. அவன் கடைசியா லீவுல வந்தப்ப அது தவந்துக்கிட்டு இருந்துது. அந்த லீவுலதான் பிள்ள மூஞ்சியப் பாத்துப் பேசணும்னு ஒரு லேப்டாப்ப வாங்கிக் குடுத்துட்டுப் போனான். லேப்டாப்பக் குடுத்தான், நெட்டக் குடுக்கலையே. அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி ஜங்ஷன்ல ஒரு நெட் சென்டருக்குப் போவா. மணிக்கு முப்பது ரூவா. பலகையடிச்ச கூண்டுக்குள்ள ஒக்காந்து பேசணும், பக்கத்துக் கூண்டுல பூரா காலேஜுப் பயலுவ. அங்கன வச்சுப் புருசன்கிட்ட என்னத்தப் பேசுவா? சாப்பிட்டியளா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, அதுலயே அரை மணி நேரம் போயிரும்.

ஒருநாள் மோடத்துக்கு வெலை விசாரிச்சுட்டு வந்து இந்த வாசல்ல ஒக்காந்திருக்கா, மூஞ்சி செத்துப்போய் இருக்கு. வாங்க ரெண்டாயிரத்து நானூறு, அப்புறம் மாசா மாசம் ரெண்டு ஜிபிக்கு எழுநூத்தம்பது. வீட்டு வாடகையே அன்னைக்கு ஆயிரத்து ஐநூறுதான். வாடகையில பாதிய காத்துக்குக் குடுக்கணுமாக்கும். வயர் வழியா வருத நெட்டு மலிவுதான், ஆனா எங்க முடுக்குச் சந்துக்குள்ள அந்த வயர் வரல. ‘இந்த ஆசையே வேண்டாம்னு அவ்வொளுக்குச் சொல்லிருதேன்க்கா’ன்னா. எனக்குப் பொறுக்கல. ஏட்டி, நீ ஒருத்தி வாங்கினாத்தான வெலை கூட, ஆறு வீடும் சேந்து வாங்குவோம், தண்ணிய முறை வச்சுப் புடிக்கலையா, அது மாதிரி நெட்டுக்கும் முறை வச்சுக்கிடுவோம்னேன். பாத்தியளா, இந்த யோசனை சொன்னது ஆரு? நான். அத இன்னைக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ.

மோடம் வந்துது. வந்த அன்னைக்கு அதையும் லேப்டாப்பையும் தூக்கிக்கிட்டு ஆறு வீட்டுக்கும் அலஞ்சோம். பிரமு வீட்டுல செவப்பு லைட்டுதான் மினுக்குச்சு. மரகதம் வீட்டுல அதுவும் இல்ல. மாடி வீட்டுல சுந்தரம் சார் இருக்காவ, கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்து ரிடையர் ஆனவரு, அவ்வொ வீட்டுல பச்சை வந்துட்டுப் போயிரும். எங்க வீட்டு ஜன்னல்ல கொண்டு வச்சதும் நீலமா எரிஞ்சுது பாருங்க, அசையல. நான் என்ன செய்ய? நானா சிக்னலக் கூப்பிட்டு வச்சேன்? அங்கனயே ஜன்னல் கம்பியில ரிப்பன் வச்சுக் கட்டியாச்சு. லேப்டாப்பு பிரமுவோடது, மோடம் ஆறு வீட்டோடது, ஜன்னல் என்னோடது.

ஜன்னல் என்னோடதுன்னா சட்டமும் என்னோடதுதான. செவ்வாக்கெழமை மரகதத்துக்கு. ஜாக்கெட் டிசைன் பாப்பா, பாக்கட்டும், ஆனா படத்தப் பெருசாக்கிப் பாக்கப்படாது. புதன்கெழமை சுந்தரம் சாருக்கு. பெங்களூர்ல இருக்க மகனுக்கு ஈமெயில் போடுவாவ. என்ன எழுதணுமோ அத வீட்டுலயே பேப்பர்ல எழுதிக் கொண்டாங்க, இங்கன வந்து ஒக்காந்து யோசிக்கப்படாதுன்னு சொல்லிட்டேன். மனுசன் நாப்பது வருசம் ஜட்ஜு முன்னால நின்னவரு, என் முன்னால பேப்பரக் கையில வச்சுக்கிட்டு நிப்பாரு. வெள்ளிக்கெழமை பிரமுவுக்கு. மஸ்கட்ல அன்னைக்குத்தான் லீவு.

பிரமுவுக்கு மூணு விசில். புரியலையா? மணியப் பாத்துச் சொன்னா ஆளுக்கொரு கடியாரத்தக் காட்டுவாவ. அதனால அவ பேசத் தொடங்கும்போது நான் குக்கர அடுப்புல ஏத்திருவேன். மூணாவது விசில் அடிச்சுதுன்னா மூடிரணும். ‘அக்கா, இன்னைக்குப் பெரிய குக்கர வைங்களேன்’னு கொஞ்சுவா. நான் சில நாள் வைக்கத்தான் செய்வேன், எனக்கும் மனசு இருக்குல்லா.

வீடியோதான் நெட்டத் திங்கும்னு மோடம் வித்த கடைக்காரர் சொல்லியிருந்தாரு. அதனால மொத விசில் வரைக்கும் மூஞ்சியப் பாக்கலாம், பொறவு வீடியோவ அமத்திட்டுப் பேசணும். பேசுததுக்கு மூஞ்சி எதுக்கு? அவ வெக்கப்படுவா, பேச்சு வராது. நாந்தான் பக்கத்துல ஸ்டூலப் போட்டு ஒக்காந்து எடுத்துக் குடுப்பேன். ‘தம்பி, இருமல் கொறஞ்சுதா? ஏசி ரூமுல படுக்காதீரும். பிரமுவுக்கு ஒரு பவுனு சங்கிலி சொன்னீரே, என்னாச்சு?’ இப்படி. நான் இல்லைன்னா அவ்வொ ரெண்டு பேரும் என்ன பேசியிருப்பாவ சொல்லுங்க.

ஒரு வெள்ளிக்கெழமை நான் அடுக்களையில நிக்கேன், உள்ள பேச்சு சத்தமே இல்ல. ஓடிப் போய்ப் பாத்தா, இவ கன்னத்துல கை வச்சுக்கிட்டு அவனப் பாக்கா. அவன் அங்கனருந்து இவளப் பாக்கான். ஒரு வார்த்தை பேசல. ஏட்டி கோட்டி, நெட்டு ஓடுதுட்டி, ஒண்ணு பேசு, இல்லைன்னா அமத்துன்னு சத்தம் போட்டேன். ‘சும்மா பாத்துக்கிட்டு இருந்தோம்க்கா’ங்கா. சும்மா பாக்குததுக்குத்தான் கல்யாண ஆல்பம் இருக்கே? எடுத்துப் பாக்க வேண்டியதுதான. ஆறு வீட்டுக் காசு அது.

இப்படி மூணு நாலு மாசம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் கோமுவுக்குக் காது குத்து வந்துது.

எங்க ஊரு வழக்கம், மொட்டையும் காது குத்தும் சாஸ்தா கோயில்ல வச்சுத்தான். ஆனா அந்தக் காட்டுல போனுக்கே சிக்னல் கெடையாது. நயினாரு லீவு கேட்டு எழுதிப் போட்டான், குடுக்கல. ‘காது குத்துதத நான் பாக்கணும், பிள்ள அழும்போது நான் அங்கன இருக்கணும்’னு ஒரே புடிவாதம். கடைசியில மொட்டைய மட்டும் வியாழக்கெழமை கோயில்ல போட்டுக்கிடுவோம், காது குத்த வெள்ளிக்கெழமை காலையில என் வீட்டு ஜன்னல் பக்கத்துல வச்சுக்கிடுவோம்னு முடிவாச்சு. ஆறு வீட்டுலயும் அவ்வளவு சந்தோசம். என் வீட்டுல வெள்ளையடிச்சேன், எங்க வீட்டு மனுசன ஏணியில ஏத்தி. அவ்வொ பாவம், ஏத்தினா ஏறுவாவ.

ஒரு மணி நேரம் வீடியோ ஓடணும்லா, அதுக்கு நெட்டு வேணும்லா? பிரமு என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘அக்கா, முந்தின மூணு வெள்ளியும் நான் பேசல. அத அப்படியே அன்னைக்குச் சேத்துத் தாங்க’ன்னா. மூணு வாரம் அவ புருசன் மூஞ்சியப் பாக்கல. மரகதம் தன் செவ்வாக்கெழமைய விட்டுக் குடுத்தா. சுந்தரம் சார் மகனுக்குக் கார்டு எழுதிப் போட்டாவ. நான் எல்லாருக்கும் முன்னால, பிரமு, ஒன் நெட்டுக்கு நான் காவல், ஒரு துளி கொறையாதுன்னு வாக்குக் குடுத்தேன். மோடத்து மேல ஒரு கைக்குட்டையக் கூடப் போத்தி வச்சேன், தூசி படாம.

ஒங்களுக்கு அந்த நாளு நெனப்பிருக்கும்லா, கரண்ட்டு எட்டு மணி நேரம் பத்து மணி நேரம் போகும். எங்களுக்கு மத்தியானம் ரெண்டுலருந்து நாலு. ரெண்டரைக்கு ஒரு நாடகம். எட்டு வருசமா விடாமப் பாத்த நாடகம், சரியா அந்த நேரம் பாத்துக் கரண்ட்ட எடுப்பானுவ. அந்த மாசம் வேற மாமியாக்காரி மருமகளுக்குப் பால்ல வெஷத்தக் கலந்துட்டா. அவ குடிச்சாளா இல்லையான்னு தெரியாம எப்படிம்மா சோறு எறங்கும்? முன்ன எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்ப பிரமுதான் லேப்டாப்புல சொல்லிக் குடுத்தா, ‘இந்தா இத அமுக்கினா நேத்து ஓடினது வரும்க்கா, படுத்துக்கிட்டே பாருங்க’ன்னு. நல்ல பிள்ள. அதனால மத்தியானம் கரண்ட்டு போனதும் லேப்டாப்பத் தொறந்து வச்சுக்கிடுவேன். அது பேட்டரியிலதான ஓடும். ஒரு நாளைக்கு ஒண்ணு. விட்டுப்போன பழசும் இருந்துதா, சில நாள் ரெண்டு.

என்ன அப்படிப் பாக்கிய? அது வீடியோ இல்லம்மா, நாடகம். டிவியில ஓடி முடிஞ்சு ஊரே பாத்த நாடகம். நான் ஆருகிட்டயும் பேசல. கரண்ட்டும் இல்ல. மிச்சம் கெடந்த பழைய சோத்தத் தின்னா ஆராவது காசு கேப்பானா? நான் அப்படித்தான் நெனச்சேன். நீங்க படிச்சவிய, ஒங்களுக்கு முன்னாலயே தெரியுது.

சரி, கேளுங்க. காது குத்து அன்னைக்குக் காலையில ஒம்பது மணிக்கெல்லாம் என் வீடு நெறஞ்சுட்டு. பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள முடிக்கணும். வள்ளியூர்லருந்து தாய்மாமன் வந்து, மொட்டைத் தலையில சந்தனத்தோட கோமுவ மடியில வச்சு ஒக்காந்துட்டான். ஆசாரியும் வந்தாச்சு. நயினாரு அங்கன புதுச் சட்டை போட்டு, நெத்தியில துண்ணூறு பூசி ஒக்காந்திருக்கான். அவன் பொறத்தால ரூமுல கூட இருக்க பயலுவ ஒரு அஞ்சு பேரு எட்டிப் பாக்கானுவ. ‘கோமு, அப்பாவப் பாரு, இங்க பாரு’ங்கான். அது அவனப் பாத்துச் சிரிக்கி. அன்னைக்கு நான் குக்கரே வைக்கல.

ஆசாரி காதுல மையால புள்ளி வச்சாரு. ‘ஆசாரியாரே, பையக் குத்தும், பிள்ள பயந்துரப் போவுது’ன்னு நயினாரு மஸ்கட்லருந்து சொல்லுதான், எல்லாரும் சிரிச்சோம். ஆசாரி கம்பியக் கையில எடுத்தாரு. நயினாரு ஏதோ சொல்ல வாயத் தொறந்தான், கையத் தூக்கினான், அப்படியே நின்னுட்டான். படம் அசையல. சத்தம் இல்ல. சுந்தரம் சார் கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் கிட்ட வந்து எழுத்துக்கூட்டிப் படிச்சாவ. இந்த மாசத்துக்கு உள்ள ரெண்டு ஜிபியும் தீந்துட்டாம்.

மணி பத்து பத்து. மேல காசு கட்டணும்னா பஸ் ஸ்டாண்டுல மோடம் வித்த கடைக்குப் போகணும், அதுவும் பத்தரைக்குத்தான் தொறக்கும். ஆசாரி கடியாரத்தப் பாக்காரு. தாய்மாமன் பிரமுவப் பாக்கான். பிரமு, ‘குத்துங்க’ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. குத்தினாரு. அந்தப் பிள்ள ‘அப்பா, அப்பா’ன்னு லேப்டாப்பப் பாத்துக் கத்துது. அவன் வாயத் தொறந்தமேனிக்கு அசையாம நிக்கான். ஏ யம்மா, அந்தச் சத்தத்த இன்னும் எனக்கு மறக்க முடியல. பிரமு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. எல்லாருக்கும் எலை போட்டு, கேசரி வச்சு, நல்லாச் சாப்பிடுங்கன்னு சொன்னா. சாயங்காலமா லேப்டாப்ப மட்டும் எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போயிட்டா.

எனக்கு வந்துதே கோவம். காவலுக்கு நின்னவ நான். நான் வாக்குக் குடுத்த நெட்ட எந்த மூதி தின்னுதுன்னு கண்டுபுடிக்காம விட்டா நான் காந்திமதி இல்ல. மறுநாள் தண்ணி நாளு. பைப்படியில ஆறு வீடும் நிக்கி. பைப்பத் தொறக்காம நின்னேன். உள்ளதச் சொல்லிட்டுத் தண்ணி புடிங்கன்னேன். மரகதத்தக் கேட்டேன், நீ ஜாக்கெட்டப் பெருசாக்கிப் பாத்தியாட்டின்னு. அவ அழுதுட்டா. சுந்தரம் சாரக் கேட்டேன். ‘சாட்சி இருக்கா’ன்னாவ. சட்டம் பேசுததப் பாருங்க. ஆருமே ஒத்துக்கிடல. எனக்குத் தல சூடேறிட்டு. பிரமுவப் பாத்து, அப்ப நீதான்ட்டி, நான் கோயிலுக்குப் போன நேரத்துல உள்ள பூந்து புருசன்கிட்டப் பேசியிருப்ப, மூணு வாரம் பொறுக்க முடியலயாக்கும்னு கேட்டுப்புட்டேன்.

அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. கோவமா இல்லம்மா, கோவமா இருந்திருந்தா நான் நல்லா ஏசியிருப்பேன். கொடத்தக் கீழ வச்சுட்டு, ‘ஆமாக்கா, நாந்தான் பேசிட்டேன். எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க’ன்னா.

அப்புறம் என்ன? அவளே ஒத்துக்கிட்டா. நான் பைப்பத் தொறந்து விட்டேன். ஒரு வாரம் அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், பாத்தியளா, நான் கண்டுபுடிச்சிட்டேன்லா, அவளே ஒத்துக்கிட்டாள்லான்னு. பால்காரன்கிட்டச் சொன்னேன், பூக்காரிகிட்டச் சொன்னேன். ஆரும் அவகிட்ட முன்ன மாதிரி முகங்குடுத்துப் பேசல. ‘நாம விட்டுக் குடுத்தோம், இவ திருடித் தின்னுட்டாளே’ன்னு மரகதம் அவளுக்கு ஜாக்கெட்டுத் தைக்கக் கூட மாட்டேன்னுட்டா. மாசக் கடைசியில பிரமு சாவியக் கொண்டாந்து என் கையில குடுத்தா. எங்க போறன்னேன். பெருமாள்புரத்துல வீடு பாத்திருக்கோம்க்கான்னா. அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்ல, ஒரு பேச்சு இல்ல.

அடுத்த மாசம் மோடத்த எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். அவதான் போயிட்டாளே, இனிமேலாவது ரெண்டு ஜிபி முழுசா நிக்குமான்னு கேப்போம்னு போனேன். கடைக்காரர் என்னமோ தட்டிப் பாத்துட்டு ஒரு பேப்பர உருவிக் குடுத்தாரு. ‘ஒங்க வீட்டுல தெனமும் மத்தியானம் ரெண்டரைக்குத்தான்மா போயிருக்கு’ன்னாரு. எனக்கு அப்பவும் ஒறைக்கல. மத்தியானம் நான் வீட்டுலதான இருக்கேன், நான் இருக்கும்போதே எந்தத் திருடன் வந்தான்னு கேட்டேன். அவரு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. ‘நாடகம் கீடகம் பாப்பியளாம்மா?’ன்னாரு.

வீட்டுக்கு எப்படி வந்தேன்னு தெரியல. அந்தப் பேப்பர அடுப்புல வச்சுக் கொளுத்தி அதுல காப்பி போட்டேன். காப்பி எறங்கல. ஒரு மாமியாக்காரி வெஷம் வச்சாளா இல்லையான்னு பாக்கப் போயி, ஒரு பிள்ளையோட அப்பன மறைச்சுட்டேனே. மூணு வாரம் மூஞ்சியப் பாக்காமக் கெடந்தாளே. அவளப் போயி திருடின்னுட்டேனே. ஆருகிட்டச் சொல்லி அழ? வளவுல சொன்னா அப்புறம் பைப்படியில எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?

ரெண்டு மாசம் பொறுத்துப் பாத்தேன். முடியல. ஒரு நாள் கொய்யாப்பழம் வாங்கிக்கிட்டுப் பெருமாள்புரம் போனேன். கதவத் தொறந்தா, ‘வாங்கக்கா’ன்னு சிரிக்கா. அங்கன வயர் வழியா நெட்டு வருது. கோமு தரையில ஒக்காந்து என்னமோ கிறுக்கிக்கிட்டு இருக்கு. பக்கத்துல லேப்டாப்பு தொறந்து கெடக்கு. அதுல நயினாரு. அவன் பாட்டுக்கு அங்கன ஒக்காந்து உள்ளி உரிக்கான். பிள்ள அவனப் பாக்கல, அவனும் பிள்ளையப் பாக்கல. கொஞ்சம் கழிச்சு அது ஒரு தாளத் தூக்கிக் காட்டுது, அவன் ‘நல்லாருக்கு’ங்கான், திரும்ப உள்ளிய உரிக்கான். காலையிலருந்து இப்படித்தான் ஓடுதாம். எனக்குக் கை துறுதுறுன்னுது. ஏட்டி, ஆளு பேசலையே, நெட்டு ஓடுதேன்னேன். ‘ஓடட்டும்க்கா’ன்னு சொல்லிட்டுக் காப்பி போடப் போயிட்டா.

நயினாரு என்னையப் பாத்துட்டு, ‘யக்கா, சாப்பிட்டியளா?’ன்னான். எனக்கு அதுக்கு மேல தாங்கல. தம்பி, அந்த நெட்ட நாந்தான் தின்னேன், நாடகம் பாத்துத் தின்னுட்டேன், ஒம் பொண்டாட்டி தொடலன்னு சொல்லிட்டேன். அவன் உள்ளியக் கீழ வச்சான். ‘தெரியும்க்கா’ன்னான்.

என்னது, தெரியுமா? ஆருக்கு?

‘எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். நீங்க பாத்ததெல்லாம் லேப்டாப்புல வரிசையா நிக்கே.’

பிரமு காப்பியக் கொண்டாந்து வச்சா. பின்ன ஏம்ட்டி சொல்லல, பைப்படியில வச்சு என் மூஞ்சியில சொல்லியிருக்க வேண்டியதுதானன்னு கத்தினேன். அவ மெதுவாச் சொல்லுதா, ‘நாங்க இன்னைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடுன்னு போறவங்க. நீங்க அங்கனயே இருக்கணும்லாக்கா.’ எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. உன்னைய ஆருட்டி இவ்வளவு நல்லவளா இருக்கச் சொன்னா, நாலு ஏச்சு ஏசியிருந்தா நான் பதிலுக்கு ஏசிட்டு நிம்மதியா இருந்திருப்பேனேன்னு சண்டை போட்டேன். சண்டை போட்டுக்கிட்டே அழுதேன். அவ மடியில தலைய வச்சு அழுதேம்மா.

வரும்போது பஸ்ஸுல முடிவு பண்ணிட்டேன், நாளைக்குப் பைப்படியில எல்லாருக்கும் முன்னால சொல்லிரணும், அவ பேரு கெட்டுக் கெடக்கக் கூடாதுன்னு. மறுநாள் பைப்பத் தொறந்தேன். கொடத்த எண்ணினேன். வாய் வரல. அதுக்கப்புறம் எத்தனையோ தண்ணி நாளு போயாச்சு. இன்னைக்கும் மரகதம், ‘அந்தத் திருட்டுப் பிரமு’ன்னுதான் பேச்சத் தொடங்குவா. நான் கேட்டுக்கிட்டு நிப்பேன்.

இன்னைக்கு ஒங்ககிட்டதான் மொதமொதச் சொல்லுதேன். நெஞ்சு லேசாயிட்டு. ஒங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க இந்த வீட்ட எடுக்கப் போறதில்ல. பாத்ரூமப் பாத்த பார்வையிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எந்திரிங்க, கதவப் பூட்டிருதேன்.

என்னது?

புடிச்சிருக்கா? எது, இந்த வீடா? நல்லாப் பாத்தியளாம்மா? மேல ஒழுகும். முன்ன ஒழுகின எடம்னு சொன்னேன்லா, இப்பவும் ஒழுகும். அடுக்களையில எலி உண்டு, பெரிய எலி. நான் வேற நல்லவ இல்ல, இவ்வளவு நேரம் கேட்டியள்லா. அட்வான்ஸா? இப்பவேவா? பையத் தொறக்காதீங்க, பொறுங்க.

அப்ப நீங்க நாளையிலருந்து பைப்படிக்கு வருவிய. மரகதம் ‘திருட்டுப் பிரமு’ம்பா. நான் பேசாம நிப்பேன். நீங்க என்னையப் பாப்பிய. இல்ல இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டிய, அது ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பிரமுவும் ஒண்ணும் சொல்லலையே. ரெண்டு பேரு சும்மா பாத்துக்கிட்டு இருந்தா என்னால தாங்க முடியாதும்மா.

அந்தா, மரகதமே வாறா. நீங்க இருங்க, நானே சொல்லிருதேன்.

ஏ மரகதம், இங்க வாயேன். இவ்வொ இந்த வீட்டுக்குப் புதுசா வாறாவ. அதுக்கு இல்லட்டி ஒன்னையக் கூப்பிட்டது. துணிய அங்கன வச்சுட்டு இப்படி வந்து உக்காரு. அந்தப் பிரமு ஒண்ணும் திருடல.